வீட்டிலிருந்தே வேலை: நாற்காலி யார் செலவு, கரண்ட் பில் யார் செலவு? மணிமங்கலம் போடும் கணக்கு

சேவைத் துறையில் இரு தரப்பும் சம்மதித்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். 2025 நவம்பர் 21 அன்று 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது மத்திய அரசு எடுத்துச் சொன்ன அம்சங்களில் இதுவும் ஒன்று.

சம்மதம் சரி. ஆனால் எதற்குச் சம்மதம்? நாற்காலி யார் வாங்குவது? ஏசி ஓடினால் கரண்ட் பில் யார் கட்டுவது? வேலை நேரத்தில் வீட்டுப் படியில் விழுந்து கால் உடைந்தால் அது யார் பொறுப்பு?

இந்தக் கேள்விகளோடு வீட்டு அலுவலகம் ஒன்றை உருப்படியாக அமைப்பது எப்படி? தொழிற்சாலை வளையத்தின் நடுவே இருக்கும் மணிமங்கலத்தை வைத்துப் பார்ப்போம்.

ஏன் மணிமங்கலம்?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது மணிமங்கலம். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடம் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்த அதே ஊர்தான்.

இன்று இதன் ஒரு பக்கம் ஒரகடம். ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என வரிசையாக ஆலைகள். இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம். ஹூண்டாய், சாம்சங், ஃபாக்ஸ்கான் எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாம்பரத்தில் மெப்ஸ் சிறப்புப் பொருளாதார மண்டலம்.

அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது. கார் கதவை வீட்டில் உட்கார்ந்து பொருத்த முடியாது. ஆனால் அதே ஆலைகளைச் சார்ந்து டிசைன், பர்ச்சேஸ், கணக்கு, சம்பளப் பட்டியல், சாஃப்ட்வேர் எனக் கம்ப்யூட்டர் முன் முடியும் வேலைகளும் இருக்கின்றன. ஓஎம்ஆர் ஐடி நிறுவனத்தில் வேலை, வாடகை கட்டுப்படியாகும் என்று இந்தப் பக்கம் வீடு என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்றால், தினமும் டிராஃபிக்கில் போகும் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம். பெட்ரோல் மிச்சம். இது பெரிய லாபம், சந்தேகமில்லை.

அதே நேரத்தில் அலுவலகத்தில் ஓர் இருக்கைக்கு நிறுவனம் செய்துவந்த செலவுகளான வாடகை, ஏசி, ஜெனரேட்டர், இன்டர்நெட், நாற்காலி எல்லாம் சத்தமில்லாமல் வீட்டு பட்ஜெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கு ஓரளவு தெளிவாகப் பதில் சொல்லும் விதி ஒன்று உண்டு. சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்காக 2022 ஜூலையில் மத்திய வர்த்தக அமைச்சகம் கொண்டுவந்த 43ஏ விதி. முதலில் 50 சதவீத ஊழியர்கள் வரை, ஓராண்டு வரை என்று வரம்பு வைத்தார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குத் தேவையான கருவியையும் பாதுகாப்பான இணைய இணைப்பையும் நிறுவனமே தர வேண்டும் என்கிறது இந்த விதி.

ஆனால் மண்டலத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் சுங்க வரிச் சலுகையில் வந்தவை. அவை வெளியே போனால் கணக்கு வேண்டும் என்பதால் பிறந்த விதி இது. லேப்டாப்பும் கனெக்‌ஷனும் இதில் இருக்கின்றன. நாற்காலியும் கரண்ட் பில்லும் இல்லை.

பிரசவ விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் பெண் ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2017-ம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தம் சொன்னது. அங்கேயும் நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. செலவு பற்றிப் பேச்சில்லை.

வருமான வரியில் சலுகை உண்டா? மாதச் சம்பளம் வாங்குபவர் நாற்காலி பில்லைக் காட்டித் தனியாக வரிக்கழிவு கேட்க வழியில்லை. புதிய வரி முறையில் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அலுவலகம் போனாலும் போகாவிட்டாலும் அதே தொகைதான்.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடும் மின்சார, இணையச் செலவை நிறுவனம் தர வேண்டும் என்று போர்ச்சுகல் 2021-ல் சட்டம் போட்டது. 2022 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது. ஜெர்மனியில், காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வீட்டு அலுவலக அறைக்குப் போகும்போது சுழல் படிக்கட்டில் விழுந்தவருக்கு, அது பணி விபத்துதான் என்று 2021 டிசம்பரில் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே அதுபோல வெளிப்படையான ஏற்பாடு இல்லை. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் பயண விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வீடே வேலையிடம் ஆனவருக்கு அந்தப் பயணமே இல்லை.

முதல் ரூபாய் எதற்கு?

சொந்தக் காசு என்றால் எதை முதலில் வாங்குவது என்பது முக்கியம். பலர் செய்வது, பெரிய டேபிள் ஒன்றை வாங்கிவிட்டு வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் சேரில் உட்கார்வது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். டேபிள் எதுவாகவும் இருக்கலாம். எட்டு மணி நேரம் உடம்பைத் தாங்குவது நாற்காலி.

உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, இடுப்புக்கு மேலே முதுகின் வளைவில் தாங்கல் இருக்கிறதா, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா? இந்த மூன்றும் இருந்தால் போதும். பிராண்ட் பெயர் அடுத்த விஷயம். கடைக்குப் போய் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து வாங்குவது நல்லது.

சாதாரண மேஜையின் உயரம் சுமார் 30 அங்குலம். ஐந்தடி இரண்டங்குல உயரம் இருக்கும் ஒருவருக்கு இது அதிகம். அந்த உயரத்துக்கு நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். காலடியில் ஒரு மணையோ பலகையோ போட்டால் பிரச்னை தீரும். காசில்லாத தீர்வு.

அடுத்தது லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் கை சரியாக இருந்தால் கழுத்து குனியும், கழுத்து நேராக இருந்தால் கை தூக்கும். லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் இணைத்துக்கொண்டால் இரண்டும் சரியாகும். ஆயிரம் ரூபாய் அளவில் சாதாரண கீபோர்டு–மவுஸ் செட் கிடைக்கிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கை உடம்போடு ஒட்டி, ‘ட’ வடிவில் மடங்கியிருக்க வேண்டும்.

கண்ணுக்கு 20-20-20 என்ற எளிய பழக்கம் உண்டு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது, 20 விநாடி பார்ப்பது. எதிர் வீட்டுத் தென்னை மரம் போதும்.

தனி ரூம் இல்லையே, என்ன செய்வது?

இணையத்தில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரு தனி அறையில்தான் தொடங்குகின்றன. ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன் என்று போர்ஷனில் குடியிருப்பவருக்கு அது பொருந்தாது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீடே 360 சதுர அடிதான்.

அறை இல்லாவிட்டால் மூலை போதும். எந்த மூலை என்பதில்தான் விஷயம். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி உட்கார வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கூசும், வீடியோ காலில் முகம் கருப்பாகத் தெரியும். மேற்குச் சுவரை ஒட்டிய இடம் மதியத்துக்கு மேல் தணலாகக் கொதிக்கும். கிழக்கோ வடக்கோ பார்த்த பக்கம் கிடைத்தால் நல்லது.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட ரூம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே அலுவலகம் போடுபவர்கள் உண்டு. ஜனவரியில் சுகமாக இருக்கும். சித்திரை வெயிலில் அந்த ரூமைக் குளிர்விக்கும் செலவு, மாடியில் கிடைத்த அமைதியை விழுங்கிவிடும்.

கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். முதுகும் கெடும், தூக்கமும் கெடும்.

கரண்ட் கணக்கு: 500 யூனிட் என்ற கோடு

லேப்டாப், ரவுட்டர், ஒரு ஃபேன், ஒரு எல்இடி விளக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 140 வாட். எட்டு மணி நேரத்துக்கு 1.1 யூனிட் சொச்சம். இரண்டு மாதத்தில் 44 வேலை நாட்கள் என்றால் 50 யூனிட்டைத் தொடாது.

ஏசி போட்டால் கதையே வேறு. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலே, எட்டு மணி நேரம், 44 நாள் என்றால் 352 யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 யூனிட் வரை கூடுதல் சலுகை. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அந்தக் கூடுதல் சலுகை போய்விடும். 501-வது யூனிட்டிலிருந்து யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல்.

வழக்கமாக 300 யூனிட் ஓடும் வீட்டில் இந்த வீட்டு அலுவலகமும் பகல் ஏசியும் சேர்ந்தால் 700 யூனிட்டை எட்டும். யூனிட் இரண்டு மடங்கு சொச்சம்தான் கூடியிருக்கும். பில் ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். வாடகை வீட்டில் ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்கினால், அரசின் சலுகை அடுக்கே குடியிருப்பவருக்கு வந்து சேராது.

அதனால் பகல் ஏசியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கி, 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓட்டுவது நல்லது. சாதாரண சீலிங் ஃபேனுக்குப் பதில் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் ஃபேனுக்கான மின்சாரம் பாதியாகக் குறையும். சொந்த வீடு என்றால் பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட் கூரை சோலாருக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட் முதல் 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் வீட்டில் ஆள் இருந்து மின்சாரம் செலவாகும் வீட்டுக்கு சோலார் நன்றாகவே பொருந்தும்.

மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர் போன்ற தொழில் வல்லுநர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டோடு சேர்ந்த ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால்தான் வீட்டுக் கட்டணம் பொருந்தும்.

கரண்ட் போனால், நெட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் எடுத்தால் மதியம் தாண்டித்தான் வரும். 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் இருப்பது 1,800 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 1,100 அளவுக்குக் கைக்கு வரும் என்று வைத்தால், மேலே சொன்ன 140 வாட் லோடு எட்டு மணி நேரம் ஓடும். பேட்டரி பழசானால் இது குறையும். டிவியையும் மிக்சியையும் அந்த லைனில் சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

இன்வெர்ட்டர் மாறும் நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி மீட்டிங் கட்டாவது பலருக்கும் பழகிய எரிச்சல். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதில் வைக்கலாம். இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று போதும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

நெட்டில் ஸ்பீடைவிட நிலையாக இருப்பதுதான் முக்கியம். தெளிவான குழு வீடியோ காலுக்கே 3, 4 எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் தடுமாறினால், பல நேரம் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபை அது. ஒரு லான் கேபிளில் தீர்ந்துவிடும். ஃபைபர் ஒரு நிறுவனம், மொபைல் சிம் வேறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் அந்த இணைப்பு தங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்று விசாரிக்கலாம்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை

மணிமங்கலம் ஏரி அடையாறு ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளில் வெள்ளம்.

தரைத்தளத்தில் வீட்டு அலுவலகம் போடுபவர்கள் இன்வெர்ட்டர், பேட்டரியைத் தரையில் வைக்கக் கூடாது. இடுப்பு உயரத்துக்குக் குறையாமல் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் மாட்ட வேண்டும். மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காப்பது அதுதான்.

“வீட்டுலதானே இருக்கே…”

நாற்காலி, கரண்ட், நெட் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு தொல்லை பாக்கி. “வீட்டுலதானே இருக்கே, காஸ் வந்தா வாங்கி வை, பாலைக் கொஞ்சம் பாத்துக்கோ” என்ற குரல். இது யார் பக்கம் அதிகம் திரும்புகிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2024-ம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்.

அந்த ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எங்கும் போகாது. அலுவலக வேலை இரவுக்குத் தள்ளப்படும். வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவது சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் வேலை செய்யும். அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தால் யார் போவது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். வேலை முடிந்ததும் லேப்டாப் பீரோவுக்குள் போய்விட வேண்டும். பணி நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பைத் தவிர்க்கும் உரிமை கேட்டு சுப்ரியா சுலே எம்.பி. மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். அது சட்டமாகும் வரை, இந்தக் கோட்டை வீட்டில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்திடம் என்ன கேட்கலாம்?

சட்டம் இரு தரப்புச் சம்மதம் என்று சொல்வதால், ஊழியர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தச் சம்மதம்தான். தலையாட்டுவதற்கு முன் இவற்றை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்கி வைப்பது நல்லது:

• லேப்டாப்போடு கீபோர்டு, மவுஸ், தனி மானிட்டர் கிடைக்குமா? அலுவலகத்தில் சும்மா கிடக்கும் நாற்காலியை வீட்டுக்குத் தருவார்களா?

• நெட், மின்சாரத்துக்கு மாதாந்திரத் தொகை உண்டா?

• வேலை நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கரண்ட் போய் வேலை நின்றால் அது விடுப்பில் கழியுமா?

• வேலை நேரத்தில் வீட்டில் அடிபட்டால் நிறுவனத்தின் காப்பீடு பொருந்துமா?

• எத்தனை நாள் அவகாசத்தில் அலுவலகத்துக்குத் திரும்ப அழைப்பார்கள்?

ஐந்துக்கும் ‘ஆம்’ என்று பதில் வராது. ஒன்றிரண்டு கிடைத்தாலும் லாபம். கிடைக்காதவை எவை என்று தெரிந்துவிட்டால், சம்பளம் பேசும்போது அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

வீட்டில் முடியவே முடியாது என்பவர்களுக்கு?

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில், படிப்பதற்கான இடத்தோடு குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் இடமும் இருக்கிறது. மாணவர்களும் சிறிய அளவில் தொழில் செய்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகத்தையே கிராமத்துக்குக் கொண்டுபோனது இன்னொரு வழி.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆலைக்குப் போகும் தொழிலாளி எங்கே தங்குவார் என்ற கேள்வி இந்த வளையத்தில் அரசின் கவனத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அது சான்று. வீட்டுக்குள்ளேயே வேலை பார்ப்பவர் எங்கே உட்காருவார் என்ற கேள்வியும் அதே கவனத்தைக் கேட்கிறது. தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே ஒரு படைப்பகம் வந்தால், போர்ஷன் வீட்டுச் சமையல்கட்டு ஓரத்தில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் பலருக்கு அது நல்ல நாற்காலியாக இருக்கும்.

அதுவரைக்கும் வரிசை இதுதான்: முதலில் நாற்காலி, அடுத்து கீபோர்டு, பிறகு ரவுட்டர் யுபிஎஸ், கடைசியாக டேபிள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நிறுவனத்துக்கு ஒரு மெயில்.